கார்னிக்கு 37 வருடம் ஏன் ஆனது?

பதக்கம் வாங்கியவர்தான் வீரர், வாங்காதவர் சும்மா இருந்தவர் என்கிற மாதிரி யாராவது பேசினால் எனக்கு வில்லியம் கார்னியின் ஞாபகம் வந்துவிடும்.

வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கருப்பினச் சிப்பாய்களைச் சேர்த்து வடக்குத் தரப்பு அமைத்த 54வது மாசசூசெட்ஸ் படையில் சார்ஜென்ட். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது கொடி பிடித்திருந்தவர் சுடப்பட, கார்னி கொடியை எடுத்துக்கொண்டு மதில் வரை போய்விட்டார், திரும்பி வருவதற்குள் உடம்பில் பல இடங்களில் குண்டடி, ஆனாலும் கொடியைத் தரையில் விடவில்லை. அந்தப் படைக்குத் தருவதாகச் சொன்ன சம்பளம் மாதம் 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கோ 13. அப்படிப்பட்ட சம்பளமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் வாங்க மறுத்தவர்கள் அவர்கள்!

கார்னிக்கு அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வந்தது 1900ல்.

அதே 1863ல் வடக்குத் தரப்பின் 27வது மெய்ன் படைக்குப் பணிக்காலம் முடிந்தது. தெற்குத் தரப்புத் தளபதி லீயின் படை வடக்கே பென்சில்வேனியாவுக்குள் வந்துவிட்டதால், வாஷிங்டனைக் காக்க இன்னும் சில நாள் இருங்கள் என்று கேட்டதற்குச் சுமார் 300 பேர் தங்கினார்கள். தங்கியவர்களுக்கு இதே மெடல் ஆஃப் ஆனர் என்று வாக்கு. பட்டியல் குழம்பிப்போய், ஊருக்குக் கிளம்பிவிட்டவர்களையும் சேர்த்து 864 பதக்கம் வந்து சேர்ந்தது. தங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கொடியோடு தவழ்ந்து வந்தவர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் போரில் வேறு கருப்பின வீரர்கள் 1865லேயே வாங்கினார்கள், வெள்ளையர் பலருக்கும் 1890களில்தான் கிடைத்தது என்பார்கள். சரி, உண்மைதான். நான் சொல்வதும் அதுதான்: யார் எழுதி அனுப்பினார், எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்பதைப் பொறுத்தே எல்லாம் நடந்தது.

அப்புறம் 1917ல் பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை மறுபரிசீலனை செய்து 911 பெயர்களை நீக்கினார்கள். மெய்ன் படையின் 864ஐ நீக்கியது நியாயம். ஆனால் நீக்கியவர்களோடு மேரி வாக்கரையும் சேர்த்தார்களே, அதை என்னால் ஏற்கவே முடியாது. அதே போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர், எதிரியிடம் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையில் கிடந்தவர், இந்தப் பதக்கம் பெற்ற ஒரே பெண். முறைப்படி ராணுவத்தில் சேர்ந்தவர் இல்லையாம், அதுதான் காரணம். அவர் திருப்பித் தரவில்லை. 1919ல் சாகும்வரை அணிந்தே இருந்தார். அரசாங்கம் அவர் பெயரை மறுபடி சேர்த்தது 1977ல்.