ஆஸ்பத்திரி சைட்டில் மலையாகக் குவியும் ரப்பீஸ் எங்கிருந்து வருகிறது?

கட்டட வேலையில் வேஸ்டேஜ் என்றாலே எல்லார் கண்ணும் கொத்தனார் மேல்தான் போகும். கலவையைச் சிந்தினார், டைல்ஸை உடைத்தார், கம்பியைக் கண்டபடி வெட்டினார் என்று. அதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் மருத்துவமனை கட்டும் சைட்டுகளில் பல வருஷம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் பார்த்தவரை அங்கிருந்து லாரி லாரியாகப் போகும் ரப்பீஸில், அதாவது இடிபாட்டுக் குப்பையில், பெரும்பங்கு நன்றாகக் கட்டி முடித்ததைத் திரும்ப உடைத்ததால் வந்தது. எந்த மெஷின் வாங்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலேயே சுவரை எழுப்பச் சொல்லிவிடுகிறார்கள்.

வீட்டில் ஒரு அறையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் புழங்கலாம். ஸ்கேன் அறையில் அது நடக்காது. எம்ஆர்ஐ காந்தம் பல டன் எடை, தரையின் கான்கிரீட் ஸ்லாப் அதைத் தாங்க வேண்டும். ரேடியோ அலை புகாதபடி அறையைச் சுற்றி உலோகக் கூண்டு, காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் வாயு வெளியேறத் தனிக் குழாய், காந்தத்தை உள்ளே இறக்க ஒரு பெரிய திறப்பு. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இந்த அளவெல்லாம் மாறும். எக்ஸ்ரே அறை என்றால் 9 இஞ்ச் செங்கல் சுவர் அல்லது அதற்கு ஈடான ஈயத்தகடு வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்கு.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனை. சிடி ஸ்கேன் அறையில் வினைல் தரை ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, பெயிண்ட் அடித்தாகிவிட்டது. நிர்வாகம் இரண்டு கம்பெனிகளிடம் கடைசி வரை விலை பேசிக்கொண்டிருந்தது. ஒருவழியாக ஆர்டர் போன பிறகு மெஷின் கம்பெனியின் ட்ராயிங் வருகிறது. கேபிள் போகும் பள்ளம் வேறு திசையில், ஆபரேட்டர் பார்க்கும் கண்ணாடி எதிர்ச் சுவரில். மறுநாளே தரையில் பிரேக்கர், அதாவது கான்கிரீட்டைக் கொத்தி உடைக்கும் மெஷின், இறங்கியது. உரித்த வினைல் பசையோடு சுருண்டு கிடந்தது, அதை இனி எங்கும் ஒட்ட முடியாது. சீலிங்கின் ஜிப்சம் போர்டு, சுவர்க்கல், டைல்ஸ் துண்டு எல்லாம் ஒரே சாக்கில் கட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறக்கினார்கள்.

ஏன் ராத்திரி என்றால், பக்கத்துப் பிளாக்கில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். இடிக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் பறக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது உயிரையே பறிக்கும். அதனால் தூசி பரவுமுன் அள்ளிவிட வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் வகை பிரிப்பதில்லை. ஜிப்சம் கலந்த இடிபாட்டை அரைத்துத் திரும்ப ஜல்லியாக்கினால் கான்கிரீட் கெட்டுப்போகும். நாளுக்கு 20 டன் அல்லது ஒரு புராஜெக்டில் மாதம் 300 டன் இடிபாடு வந்தாலே பிரித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று 2016-லேயே விதி வந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளைப் பார்க்காதவர் யார்?

அரசு மருத்துவமனைகளில் வேறு ஒரு சிக்கல். கட்டடம் பொதுப்பணித்துறை, கருவி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இரண்டு டெண்டர், இரண்டு காலக்கெடு. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாவிட்டால் இடைவெளியை பிரேக்கர்தான் நிரப்பும்.

இன்னொன்று, நர்ஸுகளை யாரும் கேட்பதில்லை. ஒரு ஐசியூவில் ஆக்சிஜன் பைப் வரை முடிந்தபின் பார்க்க வந்த சிஸ்டர் ஒருவர், "சார், கட்டிலை இங்க போட்டா வென்டிலேட்டரை எங்க நிறுத்துறது?" என்றார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. செம்புக் குழாயைக் கழற்றி, பூசிய சுவரைக் கொத்தி, ஆக்சிஜன் இணைப்பு உள்ள பேனலை நகர்த்தினோம். ட்ராயிங் கட்டத்தில் அவரைக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேரப் பேச்சு அது.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது பில்லைப் பார்க்கும்போதுதான். கட்டியதற்கு ஒரு தொகை, உடைத்ததற்கு எக்ஸ்ட்ரா ஐட்டம் என்று ஒரு தொகை, திரும்பக் கட்டியதற்கு இன்னொன்று. முடிவைத் தள்ளிப்போட்டவர் பெயர் எந்தப் பில்லிலும் வராது. கடைசியில் அது நோயாளியின் கட்டணத்திலோ மக்கள் வரிப்பணத்திலோ போய்ச் சேரும்.

மெஷின் முடிவாகாத அறையைத் தயவுசெய்து பூசாதீர்கள். தரையைப் போடாமல் காலியாக விடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாங்க வாய்ப்புள்ள இரண்டு மூன்று மாடல்களின் ட்ராயிங்கை முன்கூட்டியே வாங்கி, எது அதிக எடையோ அதற்கு ஸ்லாப் போடுங்கள். ஐசியூவில் ஒரே ஒரு படுக்கைக்கான இடத்தை மட்டும் முதலில் முழுசாகச் செய்து, அங்கே வேலை பார்க்கப்போகும் சிஸ்டர்களை நிற்கவைத்துக் காட்டுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டபின் மற்ற படுக்கைகளுக்குப் பைப் இழுக்கலாம்.