சாய்ந்து உட்கார நாற்காலி கொடுத்தவர்

தைத்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும். ஊசி வேலையில் முதலில் போவது கண் என்று எல்லோரும் நினைப்பார்கள். முதலில் போவது முதுகு. குனிந்து குனிந்து, இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு வலி பிடிக்கும். அப்புறம் அன்றைக்கு முழுக்க அது விடாது.

நூறு வருஷத்துக்கு முன்பு பாரிஸின் பெரிய தையல் கூடங்களில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்துதான் தைத்தார்கள். அந்த ஊரில் ஒரு முதலாளியம்மா தன் கூடத்தில் முக்காலிகளை எடுத்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலிகளைப் போட்டார். பெயர் மதலென் வியோனே. சமீபத்தில் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர் வெட்டிய கவுன்களின் அழகைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். ஆனால் என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது இந்த நாற்காலி.

ஃபேஷன் உலகத்தில் சனேல் என்றால் எல்லோருக்கும் தெரியும். டியோர் தெரியும். வியோனே பெயரைச் சொன்னால் தையல் படித்தவர்கள் மட்டும்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ‘டிசைனர்களின் டிசைனர்’ என்று அவரைப் பாராட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒருவரை ஓரமாக உட்கார வைக்கிற மாதிரி இருக்கிறது அது.

வியோனே 1876-இல் பிரான்ஸில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அப்பாதான் வளர்த்தார். படிப்பில் கெட்டிக்காரி, டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் பன்னிரண்டு வயதை ஒட்டி ஒரு தையல்காரியிடம் வேலை பழக அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயதில் கல்யாணம். பெண் குழந்தை பிறந்து சிறு வயதிலேயே இறந்துபோனது. கல்யாணமும் நிலைக்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே முதலில் கிடைத்தது ஒரு மருத்துவமனையில் துணிகளைத் தைக்கிற வேலை. அதன் பிறகுதான் லண்டனில் கேட் ரெய்லி என்ற பெண்மணியின் தையல் நிறுவனத்தில் சேர்ந்தார். பாரிஸ் மாதிரிகளை வாங்கி அங்குள்ள சீமாட்டிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் இடம் அது.

இதையெல்லாம் சோகக் கதையாகச் சொல்லவில்லை. அவர் சொந்தமாகக் கடை திறந்தது 1912-இல், பாரிஸின் ரிவோலி தெருவில். அப்போது வயது 36. அதாவது ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் மற்றவர்களுக்காக ஊசி பிடித்திருக்கிறார். திடீரென்று ஒரு நாள் பூத்த திறமை மாதிரி நாம் எழுதுகிற வாழ்க்கைக் கதைகளில் இந்த இருபத்தைந்து வருஷத்துக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். எனக்கு அதுதான் கதையே.

பாரிஸுக்குத் திரும்பியதும் கலோ சகோதரிகளின் தையல் நிறுவனத்தில் சேர்ந்தார். மூத்தவரான மரி ஜெர்பேர் துணியை நேராக உடம்பின் மேல் போட்டு, இழுத்து, விட்டு, வடிவம் பிடிப்பார். அந்த யோசனையை மலிவுத் துணியில் மாதிரியாகத் தைத்து முடிப்பது வியோனேயின் வேலை. கலோ சகோதரிகள் இல்லாவிட்டால் நான் கடைசிவரை ஃபோர்டு கார்களைத்தான் செய்துகொண்டிருப்பேன், ரோல்ஸ் ராய்ஸ் செய்யக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான் என்று பின்னாளில் சொன்னார். புகழின் உச்சிக்குப் போன பிறகும் குருவின் பெயரை இப்படிச் சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

அதன் பிறகு 1907 வாக்கில் தூசே என்ற இன்னொரு தையல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆடை அணிவகுப்பில் மாடல் பெண்களை, இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்க வைத்தார். கடையிலிருந்த பழைய விற்பனைப் பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. கார்செட்டை ஒழித்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் அந்தக் காலத்து இன்னொரு டிசைனரான புவாரே பெயரைச் சொல்வார்கள். வியோனே கடைசிவரை ‘நான்தான்’ என்றார். யார் முந்தி என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. மூச்சு முட்டாத உடையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தவர்களில் அவர் ஒருவர், அது போதும்.

சரி, அவருடைய பெயர் நிலைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிமிஷம் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கைக்குட்டையை எடுங்கள். பனியன் துணி வேண்டாம், நெய்த துணியாக இருக்கட்டும். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொடுக்காது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலோ குறுக்கே ஓடும் ஊடை நூலோ நேராக நின்று தாங்கிக்கொள்ளும். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நீளும், நடுவில் ஒடுங்கும். விட்டால் பழையபடி வரப் பார்க்கும். நூல் நீளவில்லை. நூல்களுக்கு இடையில் இருக்கும் சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்ந்து வைர வடிவத்துக்கு மாறுகின்றன, அவ்வளவுதான். தையலில் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

இதை வியோனேதான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. காலருக்கும், ஓரப்பட்டைக்கும், அலங்காரத்துக்கும் கிராஸாக வெட்டுவது அவருக்கு முன்பே இருந்தது. முழு உடையையும் கிராஸில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதுதான் அவர் செய்தது. கேட்டதோடு நிற்காமல் வருஷக்கணக்காக அதிலேயே உட்கார்ந்தார்.

சுமார் 80 செ.மீ. உயரமுள்ள ஒரு மரப் பொம்மையைச் சுழலும் பியானோ ஸ்டூலில் நிற்க வைத்து, அதைத் திருப்பித் திருப்பித் துணியைப் போட்டுப் பார்ப்பார். காகிதத்தில் வரைந்து ஆரம்பிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. வழக்கமான அகலத்தில் வரும் துணி கிராஸ் வெட்டுக்குப் போதாது என்பதால், பட்டு க்ரேப் என்ற குழைவான துணியை அதிக அகலத்தில் நெய்து தரச் சொல்லி வாங்கினார். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் நான்கு சதுரத் துணிகளை மட்டும் வைத்து ஒரு கவுன் செய்தார். சதுரங்களை மூலை மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடித்து இணைத்தது. வெட்டி எறிந்த துண்டு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஆனால் உடம்பில் போட்டதும் தண்ணீர் மாதிரி இறங்குகிறது. துணியை மடித்து டாட் பிடிப்பது, விறைப்புக்கு ‘எலும்பு’ என்கிற பட்டை வைப்பது, கொக்கி வரிசை என எதையும் நம்பாமல், துணியின் எடையே உடம்பைத் தேடிப் போய் ஒட்டும்படி செய்தார். ஹேங்கரில் பார்த்தால் சுருண்ட துணி மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் தலையை விடுவது என்றே தெரியாத உடைகள்கூட உண்டு.

கிராஸில் தைத்தவர்கள் இதற்குள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். துணி மெஷினுக்கு அடியில் நெளியும். தையல் இறுக்கமாக இருந்தால் போடும்போது நூல் அறுந்துவிடும், தளர்வாக இருந்தால் அலை அலையாக நிற்கும். ஓரத்தை உடனே மடித்தால் இரண்டு நாளில் ஒரு பக்கம் இறங்கிப் பல்லிளிக்கும். அதனால் தொங்கவிட்டுக் காத்திருந்து, துணி இறங்கி முடிந்த பிறகுதான் ஓரம் மடிக்க வேண்டும். அதாவது, அவசரப்பட்ட கையும் களைத்த கையும் இந்த வேலைக்கு ஆகாது.

இந்த இடத்தில்தான் அந்த நாற்காலி எனக்குப் புரிந்தது.

1923-இல் மோந்தேன் அவென்யூ 50-ஆம் எண் மாளிகைக்கு நிறுவனம் மாறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். சாப்பாட்டுக்கூடம் இருந்தது. டாக்டர், பல் டாக்டர் இருந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருந்தது. பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை இரண்டையும் கொடுத்தார். சம்பளத்தோடு விடுமுறை பிரான்ஸில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சட்டமானது 1936-இல்தான். அதே வருஷம் சனேலின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து முதலாளியையே உள்ளே விடாமல் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சனேலைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவரும் ஏழ்மையில் வளர்ந்து மேலே வந்தவர்தான். ஆனால் ஒரு டிசைனரின் வாழ்க்கையை எழுதும்போது வாசனைத் திரவியத்துக்கும் காதல்களுக்கும் ஒதுக்குகிற பக்கங்களில் ஒரு பக்கத்தையாவது தையல் கூடத்துக்கு ஒதுக்க வேண்டும். அது பின்னணித் தகவலாகக்கூட வராமல் போவதுதான் என் ஆதங்கம்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கவுன்களை வாங்கியவர்கள் பெரும் பணக்காரர்கள். அதைத் தைத்த பெண் ஒருத்தி தனக்கென்று ஒன்று வாங்கியிருக்க வாய்ப்பே இல்லை. தைத்த பெண்களின் பெயர்களும் லேபிளில் இல்லை. வியோனே நிறுவனத்திலும் லேபிள் ஒருவருக்குத்தான்.

லேபிள் என்றதும் இன்னொன்று. அவருடைய மாதிரிகளைத் திருடிப் போலி தைத்து விற்பது பெரிய தொழிலாக நடந்தது. கோர்ட்டுக்குப் போய் 1921-இல் ஜெயித்தும் இருக்கிறார். ஒவ்வொரு உடையையும் முன், பின், பக்கம் எல்லாம் தெரியும்படி கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, எண் போட்டு ஆல்பத்தில் ஒட்டினார். லேபிளில் கையெழுத்தோடு தன் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். எனக்கு இதில் ஒரு சிலிர்ப்பு இருக்கிறது. தன் அடையாளமாக அவர் கொடுத்தது, இருபத்தைந்து வருஷம் ஊசி பிடித்த விரலை.

1939-இல் போர் வந்தபோது நிறுவனத்தை மூடினார். மறுபடி திறக்கவே இல்லை. போருக்குப் பிறகு டியோர் இடுப்பை இறுக்கி, பாவாடையை விறைப்பாக நிறுத்தினார். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. 1952-இல் வியோனே தன்னிடமிருந்த உடைகளையும் மாதிரிகளையும் அந்த ஆல்பங்களையும் பாதுகாப்புக்காகத் தானம் கொடுத்துவிட்டார். இன்று அவை பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2009-இல் அங்கே அவருக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது. திருடர்களுக்குப் பயந்து எடுத்த போட்டோக்கள் இப்போது மாணவர்களுக்குப் பாடம். அமெரிக்க ஆய்வாளர் பெட்டி கிர்க் மிச்சமிருந்த உடைகளை ஆராய்ந்து, நூலோட்டத்தைக் கணக்குப் பார்த்து, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களை வரைந்து கொடுத்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்கள் போட்டோவைப் பார்த்து வியந்துவிட்டுப் போயிருப்போம்.

1975 மார்ச்சில், 98 வயதில் வியோனே காலமானார். கடை மூடி 36 வருஷம் ஆகியிருந்தது.

போன வாரம் அந்த நான்கு சதுரக் கவுனை நானும் தைக்க ஆரம்பித்தேன். பட்டு க்ரேப் இல்லை, கொஞ்சம் கனமான ரேயான்தான். முதல் தடவை தோள் சரியாக உட்காரவில்லை, பிரித்தேன். இரண்டாவது தடவை பக்கத் தையலில் நூல் அறுந்தது, மறுபடி பிரித்தேன். ஒவ்வொரு முறையும் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஊசியைத் திரும்ப எடுத்தேன். இப்போது அது அலமாரிக் கதவில் தொங்குகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இடது பக்கம் ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கும். ஓரம் மடிக்க இரண்டு நாளாவது ஆகும்.