விமானத்தின் வயது மட்டும்தானா காரணம்?

பழைய ராணுவ விமானங்களில் உல்லாசப் பயணமே கூடாது, எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் நிறுத்துங்கள் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்குக் காட்டும் உதாரணம் 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செக்னாஸ் மலையருகே விழுந்த யுங்கர்ஸ் யூ 52 என்ற பழைய விமானம். அதில் இருந்த இருபது பேரும் இறந்தார்கள், இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆனால் 2021இல் வந்த விசாரணை அறிக்கையையும் சொல்லியிருக்க வேண்டும். குறுகலான பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக, திரும்பி வர வழியே இல்லாதபடி, ஆபத்தான அளவுக்குக் குறைந்த வேகத்தில் விமானிகள் ஓட்டினார்கள், அங்கே காற்றுக் கொந்தளிப்பில் கட்டுப்பாடு போய்விட்டது என்பதுதான் முக்கியக் காரணம். விமானத்தின் எடை மையமும் (மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி) அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்பக்கம் இருந்தது. பராமரிப்பில் குறைகள் இருந்தன, ஆனால் விபத்துக்கு அவை காரணமில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது.

1939இல் கட்டி, 1981 வரை சுவிஸ் விமானப்படையில் பறந்த விமானம் அது. நெளிவுத் தகடு போர்த்திய உடம்பு, மூன்று எஞ்சின், மெதுவாக ஆல்ப்ஸ் மேலே போகும். அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்த விமானம் அந்த அனுபவத்தைத் தராது. சரி, பறக்கட்டும். ஆனால் மலைமுகட்டை எவ்வளவு உயரத்தில் கடக்கிறார்கள், விதியை மீறும் விமானியை யார் தட்டிக் கேட்கிறார்கள் என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் ஏறாதீர்கள்.