கனடா போனால் கட்டாய ஊசியா?

"கனடாவில் 75 வயது தாண்டினால் பிள்ளைகளைக் கேட்காமலே ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள், பெற்றோரை அனுப்பாதீர்கள்" என்று மன்னார்குடி, கும்பகோணம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் தெருப் பாட்டி ஒருவர், மகனுக்காகக் கட்டிய வடகப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி டப்பாவில் கொட்டிவிட்டார்.

செய்தி தவறு. மருத்துவ உதவியுடன் உயிர் துறக்கும் சட்டம் அங்கே 2016 முதல் உண்டு, அது சரி. ஆனால் நோயாளி தானே கேட்க வேண்டும். அவருக்காகப் பிள்ளைகளோ டாக்டரோ கேட்க முடியாது. வயது மட்டும் காரணமாகாது. தீராத கடும் நோயோ உடல் குறைபாடோ இருக்க வேண்டும், சாட்சி முன் எழுதித் தர வேண்டும், மருத்துவத் துறையைச் சேர்ந்த இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துத் தகுதி உண்டு என்று சொல்ல வேண்டும். கடைசி நொடியில்கூட வேண்டாம் எனலாம். அப்புறம், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக இந்தச் சட்டத்தின் கீழ் வரவே மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றி அங்கேயே வாதம் நடக்கிறது. 2023-இல் இப்படி உயிர் துறந்தவர்கள் 15,343 பேர், அங்கே மொத்த இறப்பில் 4.7 சதவீதம்; சின்ன எண்ணிக்கை இல்லைதான். மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கான அனுமதியை 2024-இல் மூன்று வருடம் தள்ளிவைத்தார்கள். ஆனால் அது வேறு பேச்சு.

கனடா சுகாதாரத் துறையின் இணையதளத்தில் விதிகளும் ஆண்டறிக்கையும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.