ஆறு உரிமையை ஒப்பிச்சா போதுமா?

பத்தாங்கிளாஸ்ல போய் அடிப்படை உரிமை எத்தனைன்னு கேட்டா மொத்த கிளாஸும் "ஆறு"ன்னு கத்தும். அந்த உரிமைகளைக் காப்பாத்த கோர்ட் போடுற அஞ்சு நீதிப்பேராணையும் வரிசை மாறாம ஒப்பிக்குங்க. சரி, உங்க அண்ணனை போலீஸ் கூட்டிட்டுப் போனா எத்தனை மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டேன், ஒரு சத்தம் இல்ல. 24 மணி நேரம், அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 22, புக்குல இருக்கு, ஆனா அது நம்ம வீட்டு விஷயம்னு யாரும் அதுங்களுக்குச் சொல்லல, இத்தனை வருஷமா நானும் சொல்லல.

இந்த வருஷம் பாடத்தை அப்படியே மாத்திட்டேன். புக்கைத் திறக்கச் சொல்லாம ஒரு வழக்கைச் சொன்னேன். 1985, கேரளா. அண்ணன் தங்கச்சிங்க மூணு பேர், பெரியவன் உங்களை மாதிரி பத்தாவது. பிரேயர்ல தேசிய கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நிப்பாங்க, ஆனா வாய் திறந்து பாட மாட்டாங்க, யெகோவாவின் சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு, அவங்க நம்பிக்கை அப்படி. ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாங்க, ஹைகோர்ட்லயும் தோத்துட்டாங்க. இப்ப நீங்கதான் சுப்ரீம் கோர்ட், சொல்லுங்கன்னு உக்காந்துட்டேன்.

கிளாஸ் ரெண்டா உடைஞ்சிடுச்சு. "எல்லாரும் பாடுறோம்ல, இவங்களுக்கு மட்டும் என்னவாம்"னு பசங்க எகிறுறாங்க. கடைசி பெஞ்ச்ல வருஷம் பூரா வாயே திறக்காத பொண்ணு எழுந்து, "எழுந்து நின்னாங்கல்ல டீச்சர், அப்புறம் அவமரியாதை எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டா. எனக்கு சிலிர்த்துப் போச்சு. 1986 ஆகஸ்ட்ல நீதிபதி சின்னப்ப ரெட்டி கொடுத்த தீர்ப்புல கிட்டத்தட்ட இதேதான் இருக்கு, மரியாதையா நின்னா போதும், பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கணும்னு. பேச்சுரிமை சொல்ற பிரிவு 19, மத சுதந்திரம் சொல்ற பிரிவு 25 ரெண்டையும் அதுக்கப்புறம் தான் போர்டுல எழுதினேன், யாரும் மனப்பாடம் பண்ணல, ஆனா இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

பெல் அடிச்சப்புறம் ஒரு பையன் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். "டீச்சர், எங்க தெரு பசங்க அந்தத் தெருவுல சைக்கிள்ல போனா இறங்கித் தள்ளிட்டுப் போகச் சொல்றாங்க, அது 15-ஆ 17-ஆ?" பதினேழு தீண்டாமை ஒழிப்பு, பதினஞ்சு பாகுபாடு கூடாதுங்கறது, அதுல ரோடுன்னே எழுதியிருக்கு, ரெண்டுமேதான்டா தம்பின்னு சொன்னேன். அவன் போனப்புறமும் நான் ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தேன்.

போர்ஷன் முடிக்கணும், ரிசல்ட் காட்டணும், எல்லாம் தெரியும். குடிமையியலுக்குக் கிடைக்கிற ரெண்டு பீரியடையும் ஸ்பெஷல் கிளாஸ்னு வேற சப்ஜெக்ட்டுக்கு எடுத்துக்கறதும் தெரியும். தயவுசெஞ்சு அதை விட்டுக் கொடுக்காதீங்க.

அடுத்த வாரம் செண்பகம் துரைராஜன் வழக்கு எடுக்கப் போறேன், காலேஜ் சீட்ல சாதிவாரி ஒதுக்கீடு பத்தி நம்ம மெட்ராஸ்ல ஆரம்பிச்சு 1951-ல அரசியலமைப்போட முதல் திருத்தத்துக்கே காரணமான வழக்கு. பசங்களுக்குப் புரியற தமிழ்ல யாராச்சும் எழுதி வெச்சிருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க.