பென் டிரைவ் விண்டோஸ்: ஆக்டிவேட் ஆகிவிட்டால் லைசென்ஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மதுரையில் டி.டி.பி. கடை, பிரவுசிங் சென்டர், சின்ன ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய சிஸ்டம்கள் உட்கார்ந்திருக்கின்றன. ‘ஒரு பென் டிரைவில் விண்டோஸை ஏத்தி வச்சுக்கிட்டா எந்த சிஸ்டத்திலயும் சொருகி ஓட்டிக்கலாம்ல?’ என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பென் டிரைவை பூட் டிரைவாக மாற்றும் ரூஃபஸ் மென்பொருளில் அதற்கென்றே ‘விண்டோஸ் டு கோ’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஓடவும் செய்யும். ஆனால் ஓட்டுவதற்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதைக் கடைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

விண்டோஸ் லைசென்ஸ் ஆளுக்கும் கிடையாது, பென் டிரைவுக்கும் கிடையாது, ஒரு கம்ப்யூட்டருக்கு. ஒப்பந்தத்திலேயே ‘டிவைஸ்’ என்றால் உள்ளே சேமிப்பு வசதி உள்ள ஹார்டுவேர் என்று எழுதியிருக்கிறார்கள். லேப்டாப்போடு தயாரிப்பாளரே போட்டுத் தந்த ஓ.இ.எம். லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடே போகும். தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம், ஆனால் பழையதில் இருந்து எடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர்களுக்கு இடையில் ஒரே லைசென்ஸைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. காலையில் கடை சிஸ்டம், ராத்திரி வீட்டு சிஸ்டம் என்று சொருகுவது அந்தப் பகிர்வுதான். அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்புக்கும் இதே கதைதான்: அதில் இருக்கும் விண்டோஸை பென் டிரைவுக்குக் குளோன் செய்து இன்னொரு மிஷினில் ஓட்டினால் லைசென்ஸ் கூடவே வராது.

பலரும் ஏமாறுவது அடுத்த இடத்தில். பென் டிரைவ் விண்டோஸை ஒரு லேப்டாப்பில் சொருகுகிறீர்கள், நெட் கிடைத்ததும் ‘ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்று காட்டுகிறது. ‘அப்புறம் என்ன, ஒரிஜினல்தானே’ என்று நினைக்கிறார்கள். நடந்தது இதுதான்: விண்டோஸ் 8 காலத்தில் இருந்து பிராண்டட் லேப்டாப்களில் புராடக்ட் கீ பயாஸுக்குள்ளேயே (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) எழுதப்பட்டு வருகிறது. அதையோ, அந்த மதர்போர்டுக்கு ஏற்கெனவே பதிவான டிஜிட்டல் லைசென்ஸையோ பிடித்துக்கொண்டு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. அதாவது அந்த லேப்டாப்பின் உரிமம் தெரிகிறது, உங்கள் பென் டிரைவின் உரிமம் இல்லை. லேப்டாப்பில் ஹோம் எடிஷன், பென் டிரைவில் ப்ரோ என்றால் அதுவும் நடக்காது. அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் சொருகினால் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ வந்து நிற்கும். உடனே இணையத்தில் நானூறு ஐநூறு ரூபாய்க்கு ‘லைஃப்டைம் கீ’ தேட ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கீ எப்படிப்பட்டது என்று நீங்களே சோதிக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையை ‘டி.எல்.ஐ.’ என்ற ஆப்ஷனோடு (slmgr /dli) கொடுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறந்து லைசென்ஸ் எந்த வழியில் வந்தது என்று சொல்லும். ‘வால்யூம் கே.எம்.எஸ். கிளையண்ட்’ என்று இருந்தால், அது நிறுவனங்களின் சர்வர் வழியாக 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வகை. முறைப்படி அப்படி ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யத் தொடங்கவே குறைந்தது 25 கம்ப்யூட்டர் வேண்டும். மூன்று சிஸ்டம் உள்ள ஜெராக்ஸ் கடையில் அது இருக்கிறதென்றால் கிராக் டூல் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ‘வால்யூம் மேக்’ (ஒரே கீயில் பல கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்யும் நிறுவன வகை) என்று வந்தால் எங்கோ ஒரு நிறுவனத்தின் கீ கசிந்திருக்கிறது. அது பிளாக் ஆகும் நாளில் பணம் போச்சு.

‘விண்டோஸ் டு கோ’ உண்மையில் மைக்ரோசாஃப்ட்டே 2012-இல் விண்டோஸ் 8 எண்டர்பிரைஸோடு கொண்டுவந்த வசதி. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸுக்கு, அதற்கென்று சான்றளித்த டிரைவ்களுக்கு மட்டும். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். விண்டோஸின் சிறிய வடிவமான விண்டோஸ் பி.இ.யை வைத்து ஓட்டலாமா என்றால், அது ரிப்பேர் வேலைக்கானது. 72 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது பென் டிரைவில் சுற்றும் ‘போர்ட்டபிள் போட்டோஷாப்’. அடோபி அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. சுற்றுவது அத்தனையும் யாரோ உடைத்துக் கட்டியது, உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கட்டியவருக்குத்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை, ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடக்கும் சிஸ்டத்தில் அதைச் சொருகுகிறோம். சட்டமும் லேசானதல்ல. கள்ளப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957 பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாத பயன்பாடாக இருந்தால் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

சரி, சட்டப்படி கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய சிஸ்டம் வேண்டுமென்றால் லினக்ஸ்தான். லினக்ஸில் மின்ட், டெபியன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரிக்கும் பாஸ் என்று பல வகை உண்டு, எது உங்களுக்குப் பழக்கமோ அது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ள ஜி.பி.எல். என்ற திறந்த உரிமம் எத்தனை மிஷினில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை.

ஆனால் பென் டிரைவில் போடாதீர்கள். சாதாரண பென் டிரைவ் பெரிய ஃபைலை வேகமாக எழுதும், ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலை எழுதும்போது திணறும். பிரவுசர் திறந்தாலே மவுஸ் நின்று நின்று நகர்வது அதனால்தான். 120 அல்லது 128 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று, யு.எஸ்.பி. 3.0 கேசிங் ஒன்று வாங்குங்கள். பழைய லேப்டாப்பில் கழற்றியது இருந்தால் அதுவே போதும். ‘லைவ்’ முறையில் (இன்ஸ்டால் செய்யாமல்) பெர்சிஸ்டன்ஸ், அதாவது செய்த மாற்றங்களைச் சேமிக்கும் வசதி, வைத்து ஓட்டுவதைவிட, இன்னொரு பென் டிரைவில் இருந்து இந்த எஸ்.எஸ்.டி.க்கு முழு இன்ஸ்டால் செய்வது நல்லது. அப்டேட் ஒழுங்காக ஏறும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மின்ட், பழைய உபுண்டு இன்ஸ்டாலர்களில் பூட்லோடரை (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் ‘க்ரப்’ என்ற நிரல்) வெளி டிஸ்க்கில் போடு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், யு.இ.எஃப்.ஐ. முறையில் (பயாஸின் புது வடிவம்) அது பெரும்பாலும் உள் டிஸ்க்கின் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில், அதாவது பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதியில், போய் எழுதிவிடும். விளைவு, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றியதும் கடை சிஸ்டம் கறுப்புத் திரையில் ‘க்ரப்’ என்று நிற்கும், அந்த எஸ்.எஸ்.டி.யும் வேறு மிஷினில் பூட் ஆகாது. டெஸ்க்டாப் என்றால் இன்ஸ்டால் செய்யும் முன் உள் டிஸ்க்கின் பவர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப் என்றால் பயாஸில் அந்த டிஸ்க்கை ஆஃப் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஜி-பார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் உள் டிஸ்க்கின் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் உள்ள ‘பூட்’, ‘ஈ.எஸ்.பி.’ கொடிகளை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். எஸ்.எஸ்.டி.யில் 512 எம்.பி. ஃபேட்32 ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன், மீதி ஈ.எக்ஸ்.டி.4. கடைசியாக க்ரப் இன்ஸ்டால் கட்டளையை ‘ரிமூவபிள்’ ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால்தான் எந்த மிஷினும் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும். யு.இ.எஃப்.ஐ. இல்லாத பழைய போர்டுகளிலும் ஓட வேண்டுமென்றால் தொடக்கத்தில் 1 எம்.பி.க்கு ஒரு ‘பயாஸ் க்ரப்’ பார்ட்டிஷன் விட்டு, பயாஸுக்கான க்ரப்பையும் சேர்த்து ஏற்றுங்கள்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவரை அந்த எஸ்.எஸ்.டி.யில் ஏற்றாதீர்கள். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இருக்கும் மிஷினில் அந்த டிரைவருக்கான கையெழுத்துச் சாவியை ஒவ்வொரு மதர்போர்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டிவரலாம். அடுத்தவர் லேப்டாப்பில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யும் முன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்து, 48 இலக்க ரெக்கவரி கீ அவரிடம் இல்லையென்றால், மறுபடி விண்டோஸுக்குள் போக முடியாமல் உட்கார்ந்துவிடக்கூடும்.

எல்லா வேலையும் இதில் நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபைலெல்லாம் பேஜ்மேக்கரிலும் கோரலிலும் இருக்கும் அச்சகம் ஒரே நாளில் லினக்ஸில் ஓடும் ஸ்கிரைபஸ் என்ற லேஅவுட் மென்பொருளுக்கு மாற முடியாது. டேலியின் லைசென்ஸும் ஒரு மிஷினில் ஆக்டிவேட் ஆவது. மாற்ற வேண்டுமானால் முதலில் சரண்டர் செய்ய வேண்டும். அந்த இரண்டுக்கும் லைசென்ஸ் உள்ள ஒரு விண்டோஸ் சிஸ்டத்தை ஒதுக்கிவிட்டு, டைப்பிங், பிரவுசிங், ஸ்கேன், பிரிண்ட் எல்லாவற்றையும் லினக்ஸுக்குத் தள்ளினால் கடைக்கு ஒரு விண்டோஸ் லைசென்ஸ் போதும்.

லினக்ஸ் டிரைவ் செய்து விற்க நினைக்கும் தம்பிகளுக்கு: தாராளமாக விற்கலாம், என்ன விலையும் வைக்கலாம், ஜி.பி.எல். தடுக்கவில்லை. ஆனால் காசுக்குக் கொடுக்கும்போது சோர்ஸ் கோடையும் (மென்பொருளின் மூல நிரல்) கூடவே கொடுக்க வேண்டும், அல்லது குறைந்தது 3 ஆண்டு வரை யார் கேட்டாலும் தருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, சோர்ஸ் உள்ள ஐ.எஸ்.ஓ. ஃபைலை இறக்கி கடையில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தால் முடிந்தது. உபுண்டுவை மாற்றி உங்கள் விருப்பப்படி கட்டிவிட்டு, அதே பெயரிலும் லோகோவிலும் விற்காதீர்கள். அது டிரேட்மார்க் விவகாரம், ஜி.பி.எல். அதற்குத் துணைக்கு வராது.

டி.டி.பி. கடைக்காரர்கள் தமிழ் ஃபாண்ட்டையும் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபாண்ட் எத்தனை கம்ப்யூட்டருக்கு என்று அதன் லைசென்ஸில் இருக்கும். அதைப் பார்க்காமல் எஸ்.எஸ்.டி.யில் காப்பி செய்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. எத்தனை டிரைவில் வேண்டுமானாலும் ஏற்றிக் கொடுக்கலாம்.