டிசம்பர் 31 இருப்பை வைத்து வருஷத்தை எடை போடாதீர்கள்

2010 ஏப்ரல் 1-க்கு முன்பு சேமிப்புக் கணக்குக்கு வங்கிகள் எப்படி வட்டி போட்டன என்பது நிறைய பேருக்கு மறந்திருக்கும். மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்ததில் எது மிகக் குறைவான தொகையோ, அதற்கு மட்டும்தான் வட்டி. கணக்கில் 50,000 ரூபாய் கிடக்கிறது, 27-ஆம் தேதி பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்காக 48,000 எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க வெறும் 2,000 ரூபாய் வைத்திருந்தவர் மாதிரிதான் வங்கி உங்களை நடத்தும். அன்றைய 3.5 சதவீத வட்டியில் சுமார் 6 ரூபாய் தேறும். பிறகு ரிசர்வ் வங்கி அந்த முறையை மாற்றி, தினசரி இருப்புக்கு வட்டி கொடுக்கச் சொன்னது. அதே பணம், அதே 27-ஆம் தேதி, ஆனால் வட்டி சுமார் 125 ரூபாய். 26 நாள் பணம் கிடந்தது உண்மைதானே, அதற்குரியது வந்துதானே ஆக வேண்டும்.

இந்த வாரம் நண்பர்கள் போடும் வருஷக் கணக்குப் பதிவுகளைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பழைய வட்டி முறைதான் ஞாபகம் வருகிறது. "ஜனவரியில் வாக்கிங் ஆரம்பித்தேன், வழக்கம்போல ஊத்திக்கிச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விசாரித்தால் மனிதர் செப்டம்பர் வரை ஒழுங்காக நடந்திருக்கிறார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, தெருவெல்லாம் தண்ணீர், நடை நின்றுவிட்டது. டிசம்பர் 31 அன்று நடக்கவில்லை என்பதால் ஒன்பது மாத நடையையும் சேர்த்துத் தோல்விக் கணக்கில் எழுதிவிட்டார். அந்த நடை உடம்புக்குள் போகாமல் வேறு எங்கே போயிருக்கும்?

சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கும் வீடுகளில் இது நன்றாகவே தெரியும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு இனிப்பை ஒதுக்கி, இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும். அதனால்தான் டாக்டர் ஹெச்பிஏ1சி எழுதிக் கொடுக்கிறார். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும், அங்கே இரண்டு நாள் விரதம் எடுபடாது.

நான் வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். 1867-லிருந்து இந்த நாட்டின் நிதியாண்டு அதுதான். மார்ச் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு கிளைக்குள் போய் நின்று பாருங்கள். பெரிய டெபாசிட்காரர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போய்க்கொண்டிருக்கும். "சார், 31-ஆம் தேதி வரைக்கும் அந்த அமவுண்ட் அப்படியே இருக்கட்டும், 2-ஆம் தேதி காலையில நானே டிரான்ஸ்ஃபர் போட்டுத் தர்றேன்." அன்று இரவு டெபாசிட் எண் பொங்கி நிற்கும். ஏப்ரல் 1 கணக்கு முடிப்பு விடுமுறை (உங்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை). முதல் வாரம் முடிவதற்குள் வந்த பணம் வந்த வழியே போய்விடும். ரிவ்யூ மீட்டிங்கில் திரையில் வருவதோ மார்ச் 31 எண். வாடிக்கையாளருக்குத் தினசரி இருப்புக்கு வட்டி கொடுக்கிற நாங்கள், எங்களை மட்டும் ஒரு நாள் இருப்பை வைத்து அளந்துகொள்கிறோம். வருஷச் சராசரி எவ்வளவு என்று கேட்கிற அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் விசிட் வருகிறார்கள் என்றால் மேனேஜர்களுக்கு வயிறு கலங்கும்.

ஆபீஸில் இதைத் திட்டுகிற நாமே வீட்டுக்கு வந்தால் அதையேதான் செய்கிறோம். வருஷத்துக்கு 50 புத்தகம் என்று அறிவித்தவர்கள் டிசம்பரில் 60 பக்கப் புத்தகங்களாகத் தேடிப் பிடித்து எண்ணிக்கையை நிரப்புகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்து 10,000 ஸ்டெப்ஸ் முடிக்கிறவர்கள் ஒவ்வொரு அபார்ட்மென்ட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் பத்தாயிரமே 1965-இல் ஜப்பானில் ஒரு பெடோமீட்டரை விற்பதற்காகப் பிரபலமாக்கிய எண் என்று சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை.

நான் செய்வது இதுதான். பால் கணக்கு எழுத வாங்குகிற மாதக் காலண்டரில் இன்னொரு பிரதி வாங்கி மாட்டியிருக்கிறேன். நடந்த நாளில் ஒரு கோடு, படித்த நாளில் ஒரு புள்ளி. எத்தனை பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் கிடையாது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் கடைசியில், அதாவது பேங்க் காலாண்டு முடிக்கிற அன்று, தாள்களைப் புரட்டிப் பார்ப்பேன். என் சொந்த இலக்குகளுக்கும் ஏப்ரல்-மார்ச் வருஷம்தான். இதில் ஒரு வசதி உண்டு. ஊரே ஒப்பாரி வைக்கிற டிசம்பர் 31 எனக்கு மூன்றாவது காலாண்டு முடிவு மட்டும்தான், எதையாவது மாற்றிக்கொள்ள இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கும்.

சரி, எல்லாவற்றுக்கும் சராசரி செல்லுமா என்றால், செல்லாது. வங்கி ஊழியர்களுக்கான சிஏஐஐபி தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஐந்து பேப்பர், பாஸாகப் பொதுவாக பேப்பருக்கு 50 மார்க் வேண்டும். தினமும் படித்தேன் என்று காலண்டரைக் காட்டினால் யாரும் சர்டிபிகேட் தரப்போவதில்லை. வருமான வரிக்கான முதலீடும் அப்படித்தான், மார்ச் 31 தாண்டினால் போச்சு. வேலை சம்பந்தப்பட்ட இலக்குகளில் பாதி இந்த வகை. அங்கே முடிந்ததா இல்லையா என்றுதான் பார்க்க வேண்டும். ஆரோக்கியம், வாசிப்பு, பிள்ளைகளோடு இருப்பது போன்றவற்றையும் அதே கண்ணால் பார்ப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம், கைவிட்ட இலக்குகள். ஒரு கடனுக்குத் தவணை 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால் அது வாராக்கடன், என்பிஏ. கடன் வாங்கியவர் எவ்வளவு நல்லவர் என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. சில இடங்களில் அதை மறைக்கப் புதுக் கடன் ஒன்றைக் கொடுத்து, பழைய பாக்கியை அடைத்த மாதிரி காட்டுவார்கள். எவர்கிரீனிங் என்று பெயர், ரிசர்வ் வங்கிக்கு ஆகவே ஆகாது. போன வருஷம் தொடவே தொடாத இலக்கை இந்த ஜனவரியில் புது டைரியில் புதுப் பேனாவால் எழுதுகிறோமே, அது இதேதான். காலாண்டு முழுக்க ஒரு கோடுகூட விழவில்லை என்றால் நான் அதை அப்படியே அடுத்த தாளுக்குக் கொண்டுபோவதில்லை. தவணையைக் குறைத்து மாற்றி எழுதுவேன், இல்லையென்றால் தள்ளுபடி.

என் மனைவிக்கு இந்தக் காலண்டரே பிடிக்காது. "வீட்டுலயும் ஏஜிஎம் ரிவ்யூவா?" என்பாள் (ஏஜிஎம் என்றால் பேங்கில் எங்கள் மேலதிகாரி, உதவிப் பொது மேலாளர்). அவள் கேட்டதற்காகவே அம்மாவோடு சாயங்காலம் பேசிக்கொண்டிருப்பதைக் காலண்டரில் ஏற்றவில்லை. அதற்குக் கோடு போட ஆரம்பித்தால் கோட்டுக்காகப் பேசுவேன் என்றாள். நியாயம்தான்.

இந்தக் காலாண்டில் தள்ளுபடிக்குப் போவது, தெலுங்கு எழுதப் படிக்கக் கற்பது. புத்தகம் வாங்கியதோடு சரி. ஆனால் பேங்கில் கடனை ரைட்-ஆஃப், அதாவது கணக்கில் தள்ளுபடி, செய்தாலும் வசூல் வேலை நிற்காது, நோட்டீஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை.